நான்கு புள்ளிச் சொல்

18 பெப்ரவரி, செவ்வாய்

கந்தோர் வேலை. வீடு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அரை மணித்தியாலம் நின்றது. இறங்கி நடந்திருக்கலாம். தோன்றவில்லை.

போனில் யுகேஷ் அண்ணன் ஒரு சொல் வைத்திருந்தார். கலைந்து கிடக்கும் இங்கிலிஷ் எழுத்துக் கட்டைகளைச் சேர்த்துச் சொல் கட்டும் விளையாட்டு. எனக்கு ஏழு கட்டை, டொரொண்டோவில் அவருக்கு ஏழு. மூன்று நாளுக்குள் சொல் வைக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. அம்மா இருக்கும்போது தொடங்கியது. அம்மா போய் நாற்பது நாள். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சில்லை, இது மட்டும் ஓடுகிறது.

21 பெப்ரவரி, வெள்ளி

மூன்றாம் நாள். ஏழு எழுத்தையும் பார்த்தபடி இருந்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்து மேசை பஹீம் எட்டிப் பார்த்தான். "என்னத்துக்கு மிஸ் மண்டய ஒடைக்கிறீங்க? இதுக்கு சைட் ஒண்டு ஈக்கிது."

எழுத்துகளைக் கொடுத்தால், வைக்கக்கூடிய சொற்களையெல்லாம் அந்த இணையத்தளமே பொறுக்கித் தருகிறது. முதலாவதை வைத்தேன். அர்த்தம் தெரியாது. அறுபத்தாறு புள்ளி.

25 பெப்ரவரி, செவ்வாய்

அண்ணன் எழுபத்திரண்டு. எனக்குத் தெரியாத சொல். அவர் எப்போதும் கெட்டிக்காரர்தான்.

2 மார்ச், ஞாயிறு

உடுப்புக் கழுவினேன். அம்மாவின் அலுமாரியைத் திறந்து, மூடினேன்.

அண்ணனை ஏமாற்றுகிறேன் என்று உறைக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆட்டம் நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்ற பயம் மட்டும் இருக்கிறது.

9 மார்ச், ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன்.

அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. மஹியாவ மயானத்தில் நான்தான் வீடியோ கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தங்கச்சி, அம்மா மொகத்துக்குக் கிட்ட கொண்டு போம்மா. அங்க இல்ல... இந்தப் பக்கம். ஆட்டாத." மூன்று வருஷம் அம்மாவைக் கழுவித் துடைத்தது நான். எங்கே நிற்பது என்று எனக்கு அங்கிருந்து சொல்ல வருகிறாரா? சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பெட்டியை மூடினார்கள்.

ஏன் கட் ஆனது என்று பிறகு கேட்டார். சார்ஜ் முடிஞ்சிருச்சுண்ணே என்றேன். "சரிம்மா" என்றார். கடைசியாகப் பேசியது அதுதான். நம்பினாரா? தெரியாது.

13 மார்ச், வியாழன்

போயா லீவு, பௌர்ணமி. பின்னேரம் மழை. தளத்தைத் திறக்கவில்லை. திருந்தியதெல்லாம் இல்லை, சோம்பல். கையில் இருந்ததைக் கொண்டு 'ரெயின்' என்று வைத்தேன். நான்கு புள்ளி.

பத்து நிமிஷத்தில் கோல். இரண்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் குரல். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா? வெறும் நாலு புள்ளி போட்டிருக்க?"

"இவ்வளவு நாளும் சைட்ல பாத்துப் போட்டேண்ணே. இன்னைக்குத்தான் நானாப் போட்டேன்."

அண்ணன் சிரித்தார். "நானும் சைட்லதாம்மா. நீ வச்ச ஒன்னுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. நிப்பாட்டினா நீயும் பேசாமப் போயிடுவன்னு..."

ஆக, இரண்டு தளங்கள் ஒன்றோடொன்று விளையாடியிருக்கின்றன. நாங்கள் தபால்காரர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு சார்ஜ் இருந்துச்சு."

"...எவ்வளவு?"

"பாதிக்கு மேல. நான்தான் கட் பண்ணேன்."

அழுதார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்ப வைக்கிறேன்மா" என்றார். வைத்துவிட்டார்.

15 மார்ச், சனி

சொல் வரவில்லை. பஸ்ஸில், கடையில், சமைக்கும்போது குசினியில், எத்தனை தரம் பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டாரா? அவர் விட்டாலும் நியாயம்தான்.

16 மார்ச், ஞாயிறு

ஆட்டம் முடிய நாற்பது நிமிஷம் இருக்கும்போது வைத்திருக்கிறார். மூன்று எழுத்து. ஐந்து புள்ளி.

தளத்தில் கேட்டிருந்தால் அரை நிமிஷம் போதும். மூன்று நாளும் தானே யோசித்திருக்கிறார்.

அம்மா போன பிறகு இன்றைக்குத்தான் அழுதேன்.