மாதம்மா பசுவின் மாறிய எழுத்து

வியாழன், இரவு

மாதம்மாவின் பசுவில் நாங்கள் கண்ட வித்தியாசம் உண்மைதான். இன்று உறுதியாகிவிட்டது.

கிருமி உடம்புக்குள் நுழைந்ததும் அதை முதலில் அடையாளம் காண்பவை ஏற்பிகள். அப்படி ஓர் ஏற்பிக்கான மரபணுவை மலை மாடுகளில் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். அஞ்செட்டிப் பக்கத்து மாதம்மாவின் பசுவில் மட்டும் அந்த மரபணு வரிசையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஆய்வகத்தில் என்னோடு இருக்கும் மஞ்சுளாதான் மறுபடி ரத்தம் எடுத்தே ஆகவேண்டும் என்று நின்றாள். போனபோது மாதம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. "சினை மாட்ட எத்தன வாட்டிதான் குத்துவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் ரத்தம் எடுக்க விட்டார்.

இன்று புது ரத்தத்திலும் அதே எழுத்து. மஞ்சுளா "நோடு, நோடு" என்று கன்னடத்தில் சொல்லித் திரையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மாதம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்.

"அப்ப அதுக்குச் சீக்கே வராதா?" என்றார்.

அந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று எங்களுக்கே இன்னும் தெரியாது.

"தெரியலக்கா. கோமாரி ஊசிய மட்டும் விட்டுறாதீங்க."

வீணாக ஆசை காட்டிவிட்டேனோ என்று இப்போதும் உறுத்துகிறது. ஆனால் போனை வைப்பதற்கு முன் அவரே கேட்டார்.

"கன்னுக்கும் அந்த எழுத்து வருமா?"

"வரலாம், வராமயும் போகலாம்க்கா."

"சரி, கன்னு போட்டதும் போன் பண்றேன். ரெண்டு பேரும் வந்து பாருங்க."

மஞ்சுளாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்நேரம் தூங்கியிருப்பாள். எனக்கும் கண் சொக்குகிறது.