ஆள் மாறிப்போன மன்றாட்டு

தலைமன்னார்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகன் நிறோஜனுக்கு,

மடு மாதாவின் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் கனடாவுக்குத் திரும்புகிற டிலானியின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பனங்கட்டியும் ஒடியல் மாவும் இருக்கிறது. கருவாடும் கட்டினேன், உனக்கு உப்புக் கூடாதென்று அம்மா பொதியை அவிழ்த்து எடுத்துவிட்டாள்.

உன் ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கு என்று நீ சொன்ன பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேள். அன்ரோனெற் மாமி அரைவாசியைக் கேட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடி, குடியை விட வேண்டுகிறவர்களுக்கான மன்றாட்டில் உன் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஈரல் என்றால் இந்தக் கரையில் வேறென்ன காரணம்! சுவாமி பூசையில் அதை வாசிக்க, அம்மாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெளியே வர, என்னோடு கடலுக்கு வருகிற ரொபின்சன் என் தோளைப் பிடித்து, கவலைப்படாதேங்கோ அண்ணை, நானே விட்டிட்டன், தம்பியும் விடுவான் என்று ஆறுதல் சொன்னான். சொன்ன வாயில் கள் மணத்தது. ஒரு சொட்டும் தொடாத பிள்ளைக்கு வந்த பெயரைப் பார்.

பிறகு மன்னாருக்குப் போய் டொக்டரிடம் விளக்கம் கேட்டேன். பிறவியிலேயே உன் இதயத்தில் ஒரு பக்கம்தான் வேலை செய்தது, ஒப்பரேஷனில் இரத்தம் பம்பில்லாமலே நுரையீரலுக்குப் போக வழி வைத்தார்கள், வாய் ஒடுங்கின ஓடையில் தண்ணீர் தேங்குவதுபோல அது காலப்போக்கில் ஈரலில் தேங்குகிறதாம். அப்படி ஒப்பரேஷன் செய்து வளர்ந்த பலருக்கும் இது வருகிறதாம், யாருடைய பிழையும் இல்லையாம், ஒழுங்காய்ப் பார்த்து வந்தால் சமாளிக்கலாமாம்.

அந்த ஒப்பரேஷனைச் செய்யாமலே விட்டிருக்கலாம் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது மகன். மண்டபம் அகதி முகாமில் நீ தண்ணீர்க் குழாயடிக்கு நடப்பதற்குள் உதடு நீலம் பாரித்துக் குந்திவிடுவாய். சென்னையில் முகம் தெரியாத டொக்டர்மார் உன்னைத் தங்கள் பிள்ளையாய்ப் பார்த்தார்கள். இரத்தம் கொடுக்க முகாமே பஸ் ஏறி வந்தது, இந்த ரொபின்சனும் வந்தவன்தான். திரும்பி வந்த பிறகு அதே குழாயடிக்கு நீ ஓடினாய். ஓடாதே என்று உன்னை அதட்டக் கிடைத்ததே, அந்தப் பாக்கியத்துக்கு நானும் அம்மாவும் இன்றைக்கும் முழங்காலில் நின்று நன்றி சொல்கிறோம். அந்த ஒப்பரேஷனைக் குறை சொல்லாதே.

வேலை என்று சொல்லி இந்த முறை ஸ்கானைத் தவறவிட்டாயாம். இனி அப்படிச் செய்யாதே. வேலை போனால் வேறு வேலை வரும். நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட கண்ட கைமருந்தெல்லாம் குடிக்காதே, அம்மா சொன்னாலும் குடிக்காதே.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. இன்னொன்றும் சொல்லவேண்டும். தேவைப்பட்டால் தகப்பனின் ஈரலில் ஒரு துண்டு வெட்டி வைக்கலாமோ என்று டொக்டரைக் கேட்டேன். இப்ப அந்தப் பேச்சே இல்லை, உங்கட வயசுக்கு எடுக்கவும் மாட்டினம் ஐயா என்று சிரித்தார். சிரிக்கட்டும். அன்றையிலிருந்து, கடலால் கரைக்கு வந்ததும் வழக்கமாய்ப் போகிற கள்ளுப் பக்கம் நான் போகவில்லை. மாமியின் மன்றாட்டு கேட்கப்பட்டுத்தான் இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது. நீ ஸ்கானுக்குப் போ. நான் என் ஈரலைச் சுத்தமாய் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
யாகப்பு