எண்பத்தெட்டாம் நிமிடத்துச் சாட்சி

ஜூலை 7, திங்கள்

விடிந்ததுமே புழுக்கம். மாடியில் துணி காயப்போட்டு இறங்குவதற்குள் முதுகெல்லாம் தண்ணீர். கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.

வாங்க வேண்டியது: தோசை மாவு, ஃபினாயில், ஞாயிறு பள்ளிக்கு சார்ட் பேப்பர் 4, ஸ்கெட்ச் பேனா (சிவப்பு மட்டும் தீர்ந்துவிட்டது).

நேற்று வேளச்சேரி அக்கா வீட்டுக்குப் போய் வந்த இடுப்பு வலி. மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று நேராகப் போகலாம். ஜெ. போக மாட்டார். (ஜெ. என்றால் என் வீட்டுக்காரர் ஜெயசீலன். தினமும் முழுப்பெயர் எழுத என்னால் ஆகாது.) பல்லாவரம் போய், கீழ்க்கட்டளை போய், மடிப்பாக்கம் போய், ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் அக்கா வீட்டு வாசல். கேட்டால், "அந்தப் பக்கம் ரோடு சரியில்ல." கல்யாணமான நாளிலிருந்து இதே பதில். பதினேழு வருடமாகவா ஒரு ரோடு சரியில்லாமல் இருக்கும்?

ஏழு மணிக்குப் போதகர் ஐயா போன். வருகிற ஞாயிறு 'விளையாட்டு ஞாயிறு'. வாலிபப் பிள்ளைகள் ஜெர்சி போட்டு வரப்போகிறார்களாம். ஜெ. சாட்சி சொல்ல வேண்டும். "அண்ணனோட பெனால்டி சாட்சிதாம்மா. அந்த மேட்ச் சிடி இருக்குன்னு சொன்னீங்கல்ல? ஸ்க்ரீன்ல போட்டுட்டு சாட்சி சொன்னா பிள்ளைங்க மனசுல நிக்கும்."

பீரோவில் பத்திரமாக இருக்கிறது ஐயா, நானே கொண்டுவருகிறேன் என்றேன். எனக்கு இந்த வாய் இருக்கிறதே.

சாட்சி எனக்கு மனப்பாடம். ஜெ. சம்பளத்துக்குப் பந்து ஆடிய காலம். சீசனின் கடைசி மேட்ச். ஜெயித்தால் கிளப் அதே டிவிஷனில் இருக்கும், இல்லாவிட்டால் கீழே போகும். எண்பத்தெட்டாம் நிமிடம். ஓடிக்கொண்டே, 'ஆண்டவரே, ஒரே ஒரு வாய்ப்பு' என்று ஜெபம். அடுத்த நொடி எதிர் டீம் ஆள் இவர் காலைத் தட்டிவிட, பெனால்டி. இவரே அடித்தார், கோல். "சத்துரு என் காலை வாரினான், கர்த்தர் என்னைத் தூக்கினார்!" இந்த இடத்தில் சபை முழுக்க "ஸ்தோத்திரம்!" என்று எழும்பும்.

ஒரு கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் இதைக் கேட்டு அழுத அப்பா, மறுவாரமே மாப்பிள்ளை கேட்டு ஆள் அனுப்பினார். எனக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று ஜெ. காபி குடித்த டம்ளரைத் தானே எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நான் சரி என்றது அதற்காக.

ஜூலை 8, செவ்வாய்

7.40 லோக்கல். பொத்தேரி வரை நின்றுகொண்டே. நான் வேலை பார்க்கும் காலேஜ் லைப்ரரியில் ஏ.சி. ரிப்பேர். பிள்ளைகள் புத்தகத்தால் விசிறிக்கொள்கிறார்கள், படிப்பதற்கு எடுத்த மாதிரித் தெரியவில்லை.

சிடி போட இடமுள்ள கம்ப்யூட்டர் லைப்ரரியில் ஒன்றே ஒன்று, அதுவும் கிழம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்று. அந்தக் காலத்தில் கேபிள் டிவிக்காரர் எடுத்துக் கொடுத்தது. கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இத்தனை வருடம் கிடந்தது. நான் பார்த்ததேயில்லை. சாட்சிதான் மனப்பாடமாயிற்றே, எதற்குப் பார்க்க?

ஐயோ, என்ன ஒல்லி! தலை நிறைய முடி. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எண்பத்தெட்டாம் நிமிடம் வந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஜெ. 9-ம் நம்பர் சட்டையில் ஓடி வருகிறார். 4-ம் நம்பர் சட்டைக்காரர் குறுக்கே கால் நீட்டி, பிறகு இழுத்துக்கொள்கிறார். ஜெ. பறந்து போய் விழுகிறார்.

திரும்பப் போட்டேன். திரும்பவும். நிறுத்தி நிறுத்தி, ஏழெட்டுத் தடவை. அந்தக் காலுக்கும் இவர் காலுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கிறது. யாரும் தொடவில்லை. அவராகத்தான் விழுந்தார்.

ரெஃப்ரி சிவப்பு அட்டை காட்டுகிறார். 4-ம் நம்பர் இரண்டு கையையும் தூக்கி, இல்லை சார், இல்லை சார் என்கிறார். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிக் கூட்டிப்போக இரண்டு பேர் வேண்டியிருந்தது.

தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்தது. வீட்டில் ஜெ. "ஏன் சாப்பிடல? உடம்பு சரியில்லயா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுக்குக் காபி போட்டுத் தந்தார். இந்த மனுஷனை என்ன செய்ய?

ஜூலை 9, புதன்

சிடியை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். பென் டிரைவையும் சேர்த்து.

போதகர் ஐயா போன். "ஐயா, சிடியில பூஞ்ச புடிச்சிருக்கு, ஓடல." தடுமாறாமல் சொன்னேன். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. "பரவாயில்லம்மா, அண்ணன் சொன்னாலே படம் பாக்குற மாதிரிதான் இருக்கும்" என்றார்.

சாயங்காலம் ஞாயிறு பள்ளிப் பாடம் தயாரிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்தால் இந்த வாரப் பாடம் அனனியா, சப்பீராள். சிரிப்பதா அழுவதா? நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவிட்டு, இதுதான் முழுத்தொகை என்று சபையில் பொய் சொன்ன புருஷன் விழுந்து செத்தான். மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல் உள்ளே வந்த பெண்டாட்டியிடம் பேதுரு தனியாகக் கேட்டார். அவளும் அதே பொய்யைச் சொன்னாள், அவளும் விழுந்து செத்தாள். சின்ன வயதிலிருந்து இவள்மேல் எனக்கு ஒரு பரிதாபம். பாவம், புருஷனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்று நினைப்பேன். இன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை. அவனிடமும் அவளிடமும் தனித்தனியாகத்தானே கேட்டார்கள்.

சார்ட்டில் சப்பீராளுக்குப் பச்சைப் புடவை வரைந்தேன். பிறகு பார்த்தால் என் புடவை.

ஜூலை 10, வியாழன்

நாலு மணிக்கு ஐந்து நிமிட மழை. மண் வாசனையோடு சரி.

ஜெ. ஸ்கூலிலிருந்து வந்தார் (பி.டி. மாஸ்டர் வேலை, தொண்டை கட்டியிருந்தது). பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார். அரிசி டிரம்மிலிருந்து சிடியை எடுத்து, தவிட்டைத் தட்டி, பீன்ஸ் பக்கத்தில் வைத்தேன்.

"பாத்தேங்க."

கத்தி நின்றது. "முழுசாவா?"

"எண்பத்தெட்டாவது நிமிஷம். எட்டுத் தடவ."

கோபமாக ஏதாவது சொல்வார், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "நான் ஜெபம் பண்ணது நெசம் ஸ்டெல்லா. ஆனா ஜெபம் பண்ணிட்டுக் காத்திருக்கல. நானே விழுந்துட்டேன்."

"அப்புறம் ஏங்க சாட்சின்னு சொன்னீங்க?"

"முதல் தடவ கன்வென்ஷன்ல சொன்னப்ப, கீழ உக்காந்திருந்தவங்க எல்லாரும் அழுதாங்க. உங்கப்பாவும்தான். அதுக்கப்புறம் எதை எடுத்துட்டுச் சொல்றது?" ஒரு பீன்ஸை எடுத்துக் கிள்ளினார். "தெரிஞ்சா நீ என்ன நெனப்பியோன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பெனால்டிக்காகவா உங்களக் கட்டிக்கிட்டேன்? எங்கப்பாதான் பெனால்டியக் கட்டிக்கிட்டாரு! நான் டம்ளர் கழுவுனவரக் கட்டிக்கிட்டேன்!" கத்திவிட்டேன். கீழ் வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.

"எந்த டம்ளர்?" என்றார். ஞாபகமே இல்லை இவருக்கு! நான் அழ, அவரும் அழ, பீன்ஸ் பாதியில்.

அப்புறம் கேட்டேன்: அந்த நாலாம் நம்பர் யார்? நம் சாட்சியில் அவருக்குப் பெயரே இல்லையே, சத்துரு என்றல்லவா சொல்கிறோம்.

பெயர் சாதிக். மூன்று மேட்ச் தடை. அடுத்த சீசனில் கிளப் எடுக்கவில்லை. அதோடு ஆட்டம் முடிந்தது. இப்போது டூவீலர் சீட் கவர் தைக்கிற கடை.

"எங்க?"

"பள்ளிக்கரணையில. மெயின் ரோட்டு மேலயே."

ஓ.

ஜூலை 11, வெள்ளி

லைப்ரரியில் ஸ்டாக் சரிபார்ப்பு. இருமல்.

அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு அப்பளம், தனக்கு ஒன்று வைத்துக்கொண்டார். ஜெபத்துக்கு முழங்கால் போட்டபோது, "ஞாயித்துக்கிழம படத்தப் போட்டே உண்மையச் சொல்லிடறேன். அதுக்கு முன்னால சாதிக்கப் பாக்கணும். நாளைக்கு நீயும் வரியா?" என்றார். தனியாக அனுப்பினால் மடிப்பாக்கம் போய்விடுவார் என்று தெரியாதா எனக்கு?

ஜூலை 12, சனி

பத்தரைக்குக் கிளம்பினோம். மேடவாக்கம் தாண்டியதும் வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. கடைக்கு எதிரே நிறுத்திவிட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை. முதுகில் ஒரு குத்து விட்டேன், கழற்றிவிட்டு இறங்கினார்.

சாதிக் பாய் தையல் மிஷினில் இருந்தார். தாடி நரைத்திருக்கிறது, அதே அகலத் தோள். நிமிர்ந்து பார்த்தவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா ஒம்போது நம்பரு! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? இவ்ளோ வருசமா இந்த ரோட்ல உன்னிய ஒரு தபா கூட பாக்கலியே!"

ஜெ. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "பாய், நீங்க அன்னிக்கு என்னத் தொடல. நானாத்தான் விழுந்தேன். மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான்.

பாய் சிரித்தார். "எங்கிட்ட வந்து சொல்றியே! என் காலு, எனுக்குத் தெரியாதா?" சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "எங்க அத்தா அன்னிக்கு கேலரில கீறாரு. பாதியில எய்ந்து போனவரு, அப்பால ஒரு மேட்சும் பாக்கல. புள்ள ஆளு காலை ஒடிக்கிறவன்னு நெனச்சுகினே போய்ச் சேந்துட்டாரு."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சீட் கவர்களை எண்ணினேன்.

"வுடு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? உள்ள வா. எம் பொண்டாட்டியாண்ட சொல்லு. கட்டுன நாள்லருந்து சொல்லிகினு கீறேன், நம்ப மாட்டேன்றா."

கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி ரஷீதா கையில் கரண்டியோடு வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஜெ. முதலிலிருந்து சொன்னார், இந்தத் தடவை ஒழுங்காக.

"அப்ப இவரு சொன்னதெல்லாம் நெசமா?"

"நெசம்மா."

"சண்ட வந்தா நான் அதத்தான் சொல்லிக் காட்டுவேன். மேட்ச்லயே ஆளத் தள்ளுனவருதானே நீங்கன்னு." புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

டீயோடு வந்தவர், விருந்தாளிகள் நாங்கள் இருக்க, முதல் கப்பைப் புருஷனிடம் நீட்டினார்.

"எனுக்கா மொதல்ல?"

"குடிங்க."

நாளைக்குச் சபையில் அந்த வீடியோவைப் போட்டு இவர் உண்மையைச் சொல்லப்போகிறார் என்று ரஷீதாவிடம் சொன்னேன். "பெருசாத் தெரியுமாக்கா?" என்றார். சுவர் அளவு என்றேன்.

திரும்பும் வழியில் போதகர் ஐயா வீடு. ஜெ. எல்லாம் சொல்லி முடித்ததும் நானும், "பூஞ்சயெல்லாம் இல்லய்யா, அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சேன்" என்றேன். ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாளைக்கு வேறு யாரையாவது பேசச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். "வேணாங்கய்யா, இத நாந்தான் சொல்லணும்" என்றார் ஜெ. ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "சிடிய நல்லாத் தொடச்சிருங்கம்மா" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஞாயிறு பள்ளி. சப்பீராள் பாடம் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று கேட்கக் கூடாது.

ஆராதனை ஒன்பதரைக்கு. கோவில் நிறைய மஞ்சள், நீலம், சிவப்பு ஜெர்சி. பெண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு முடியும்போது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கறுப்பு புர்கா. ரஷீதா! பாய் எங்கே என்று ஜாடையில் கேட்டேன். "வெளிய வண்டியாண்ட நிக்கிறாரு. உள்ள வரக் கூச்சமாம்."

ஜெ. மேடை ஏறினார். ப்ரொஜெக்டர் பார்க்கும் ஜோயலிடம் தலையசைத்தார். சுவரில் படம் ஓடியது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஜெ. விழுகிற இடத்தில், "நிறுத்துப்பா" என்றார்.

"நல்லாப் பாருங்க. அவர் கால் எங்க இருக்கு, என் கால் எங்க இருக்கு? யாரும் என் காலை வாரல. இந்தச் சாட்சியில சத்துருன்னு யாரும் கிடையாது. இவர் பேரு சாதிக். நான் ஏமாத்தினேன். அத ஆண்டவர் செஞ்சதுன்னு இத்தன வருஷம் இதே மேடையில சொன்னேன். ஆண்டவர்கிட்டயும் அவர்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

கீழே இறங்காமல் நின்றார். வழக்கமாக "ஸ்தோத்திரம்" வருகிற இடம். யாரும் சொல்லவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் புருஷன் அங்கே தனியாக நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து நின்று நான் மட்டும் சொன்னேன்: "ஸ்தோத்திரம்." குரல் கீச்சென்று வந்தது, வரட்டும். பின்னாலிருந்து இன்னொன்று. பிறகு போதகர் ஐயா. பிறகு நிறையப் பேர்.

ஜெ. என்னைப் பார்த்தார். அந்த டம்ளர்காரர்தான்.

ரஷீதா இதெல்லாம் எதையும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. சுவரில் நின்றுபோயிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நீட்டி நடுவிலிருந்த அந்த ஒரு முழத்தைக் காற்றில் அளந்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்தார்.

"இன்னொரு தபா போடச் சொல்லுங்கக்கா."

ஜோயலைப் பார்த்து நான் கை தூக்குவதற்குள் எழுந்துவிட்டார்.

"இருங்க, இருங்க. அவரக் கூட்டியாந்துடறேன். அப்புறம் போடச் சொல்லுங்க."