பெட்டியின் நடுவில் உட்கார்ந்து வா

ராஜபாளையம்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு, அம்மா பரிபூரணம் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜாஸ்மின் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே மூன்று பேரும் சுகம். புனலூரில் நீயும் மாப்பிள்ளை வினோத்தும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்றுதான் என் ஜெபமெல்லாம். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் வாசித்துவிட்டுக் கிழி.

நீ மதுரை டாக்டரிடம் போன அன்று, வண்டி இங்கே நிற்கும் நேரத்தில் ஜன்னல் வழியாகவாவது உன் முகத்தைப் பார்க்கலாம் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன் தெரியுமா. எஸ் இரண்டு பெட்டி என்று சொல்லியிருந்தாய். அது பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டே நடக்கும் கீமேனான உன் அப்பாவுக்குத் தெரியும், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு உன் பெயரையே இந்த வீட்டில் எடுக்க விடுவதில்லையே. நல்லவேளையாக ஜாஸ்மினுக்குப் பள்ளிக்கூடத்தில் நம் ரயில் பாதையைப் பற்றிக் கட்டுரைப் போட்டி. அவளை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார், மலையைக் குடைந்து செங்கோட்டை கொல்லம் பாதைதான் முதலில் வந்ததாம், விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், நம் ஊர், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் பாதை போட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழிலாம். மீட்டர் கேஜைப் பெயர்த்து அகலப் பாதை போட்டபோது அவரும் கடப்பாரை பிடித்தாராம். பல வருஷம் மூடிக் கிடந்த மலைப் பகுதியை இரண்டாயிரத்துப் பதினெட்டில் திறந்ததைச் சொல்லும்போது மட்டும் முகம் கடுத்துவிட்டது. அதைத் திறக்காமலிருந்தால் புனலூர்க்காரன் நம்ம ஊர் மில்லுக்கு வேலைக்கு வந்திருப்பானா என்றார். திறந்த அன்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தது நீங்கதானே என்றேன், இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டார். அப்போதுதான் ஜாஸ்மின் எஸ் இரண்டைப் பற்றிக் கேட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, எஞ்சினுக்குப் பக்கத்தில், விருதுநகர்ப் பக்கக் கோடியில் நிற்கும் என்றார்.

நம்பி அங்கே போய் நின்றேன். வண்டி வந்தது, உன் பெட்டி தென்காசிப் பக்கக் கோடியில் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எம்புட்டு தூரம் ஓட முடியும். பாதி வழியிலேயே வண்டி கிளம்பிவிட்டது. நீ நின்ற ஜன்னல் எப்போது என்னைத் தாண்டிப் போனது என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு முன்னால் ஓடிய ஜாஸ்மின்தான் அங்கே அப்பா நிற்கிறார் அம்மா என்றாள். லீவு போட்டு, கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் நின்றார். அவர் வீம்பு உடைவதை நான் பார்த்துவிடக் கூடாதென்று என்னை ஒரு கோடிக்கு அனுப்பிவிட்டு அவர் மறு கோடியில் நின்றிருக்கிறார்.

உன்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார் என்றுதானே கோபம். பிள்ளையே, வண்டி வந்தால் சக்கரத்தில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கீமேன்களுக்குப் பழக்கம். முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் அந்தப் பழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டார். வீட்டில் வந்து சண்டை போட்டேன், எம் மவளைப் பாத்தீயளா இல்லையா என்று கேட்டேன். சக்கரத்துல ஒரு குறையும் இல்ல என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. உன்னையும் என்னால் வற்புறுத்த முடியவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வா என்று கூப்பிட வேண்டியவள் உன் போனுக்காகக் காத்துக் கிடக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர், வண்டியில் கூட்டமாக இருக்கும். அது முடிந்த பிறகு மதுரைக்குப் புறப்படு. இங்கே இறங்காவிட்டாலும் ஜன்னலில் இரு. எந்தப் பெட்டி என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் ஒரு கோடியில் நிற்கிறேன், ஜாஸ்மின் நடுவில் நிற்பாள், மறு கோடிக்கு யார் வருவார் என்று உனக்கே தெரியும். இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே. கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் தம் செட்டைகளின் கீழ் காப்பாராக.

ஒன்றை மறந்துவிட்டேன். ஜாஸ்மின் இதை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டியவர், வாசலில் நின்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டு குலுங்குமாம், பெட்டியின் நடுவில் உட்கார்ந்து வர வேண்டுமாம். யாருக்கு என்று சொல்லவில்லை.

உன் அம்மா,
பரிபூரணம் சாம்சன்.