காய்ச்சல் இல்லை

மார்ச் 3

அன்புள்ள தங்கை வாலுக்கு,

எழுத்தைப் பார்த்தாயா? புது ஊசி தொடங்கியதிலிருந்து மூட்டு வீக்கம் வற்றிவிட்டது. பேனா பிடிக்கிறேன், மண் பரிசோதனைக்கூடத்தில் குடுவை மூடியை நானே திறக்கிறேன். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, கவனமாக இருங்கள் என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு வாரமாக இருமல். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன். ஆனால் காய்ச்சல் இல்லை. அம்மாவின் சட்டம் தெரியுமே: தெர்மாமீட்டர் ஏறாவிட்டால் பள்ளிக்கூடம். ஏறவில்லை, அதனால் வேலைக்குப் போகிறேன்.

உன் வீட்டுக்காரர் நலமா? கேட்காவிட்டால் நீ முறைப்பாய் என்பதால் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 6

அக்கா,

போனில் பேசினால் சண்டை, கடிதம் போதும் என்பது நம் ஏற்பாடு. உன் கடிதம் கிடைத்ததும் அதை மீறிக் கூப்பிட்டேன். நீ எடுக்கவே இல்லை.

உனக்கு ஊசி போடும் நர்ஸிடம் பேசினேன். "ஐயையோ, அந்த ஊசி காய்ச்சலையும் சேத்து அமுக்கிடும்மா. நுரையீரல்ல கிருமி இருந்தாக்கூட உடம்பு சுடாம இருக்கலாம். உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அம்மா இந்த மருந்தைக் கண்டாளா?

இதைக் கொண்டுவந்திருப்பவர் என் வீட்டுக்காரர். கார் கீழே நிற்கிறது. உனக்கு மூட்டுவலி தொடங்கியபோது "எல்லாருக்கும்தான் வலிக்குது" என்று அவர் சொன்னது தப்புதான். நீ பேசாமல் இருப்பதும் நியாயம்தான். காரிலும் பேசாதே. ஏறி மட்டும் உட்கார். நானே வந்திருப்பேன்; எனக்குச் சளி. உன் பக்கத்தில் வரக் கூடாதாம்.

கெஞ்சும்
வால்

மார்ச் 19

வாலுக்கு,

கையெழுத்து உன் வீட்டுக்காரருடையது. ஊசியை நிறுத்திவிட்டார்கள், விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்.

இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர். இந்த முறை நம்பினேன். நேற்று ஆக்ஸிஜனை எடுத்தார்கள். வராந்தா முழுக்க நடந்தேன். (பொய். அண்ணி பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். – எழுதுபவன்)

ஊசியை மறுபடி எப்போது தருவார்கள், தருவார்களா என்றே தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

காரில் நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. பாலத்தில் ஏறும்போது வண்டி குலுங்கியது. அப்போது மட்டும், "ரொம்ப வலிக்குதாங்க அண்ணி?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

சளி போனதும் வா. அதுவரை இவரே எழுதட்டும்.

அக்கா