புற்றுநோய் மாதிரி

இன்று காலை ஆய்வுகூடத்துக்குள் வந்தபோது, இருவர் எதிரெதிரே இருந்து பார்க்கும் இரட்டைத் தலை நுணுக்குக்காட்டியின் எதிர்ப்பக்கக் கதிரையில் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். என்னோடு சேர்ந்து தகடு பார்த்த காலமெல்லாம் நீ இருந்த கதிரை. நீ செத்துப்போய் ஒரு வருடமாகிறது. சும்மா கிடக்கும் கதிரையில் பெட்டி ஏறத்தானே செய்யும். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன். கையிலிருந்த கண்ணாடித் தகட்டைத் தனியே பார்க்கப் பயமாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த பெயர் என்னுடையது.

ஆறேழு மாதமாக இருமல். வெள்ளவத்தைத் தூசிதான் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். போன கிழமை இருமித் துடைத்த கைலேஞ்சியில் இரத்தம் கண்ட பிறகுதான் ஓடினேன். குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், மூச்சுக்குழாய்க்குள் சிவப்பாக, வழவழப்பாக ஒரு முளை இருக்கிறது என்றார். ஒரு துணுக்கைக் கிள்ளியும் எடுத்தார். அறிக்கை எழுதப்போகிறவர் நம் நோயியல் பிரிவின் மற்ற மருத்துவர். நாளைக்குத் தருவதாகச் சொன்னார். பொறுக்கமாட்டாமல் தகட்டைக் கேட்டு வாங்கிவிட்டேன். நீயாக இருந்தால் தந்திருக்கமாட்டாய்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து, வியர்வை ஆறுமுன்னமே எதிரே இருந்து, "என்ன மாதிரி?" என்பாய். என் சுகத்தை விசாரிக்கிறாயா, தகட்டிலிருக்கும் மாதிரியைக் கேட்கிறாயா என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. கேட்டால், "ரெண்டும்தான். எதுக்கு முதல் மறுமொழி வருதெண்டு பாப்பம்" என்று சிரிப்பாய்.

நாம் சேர்ந்து பார்த்த முதல் கார்சினொயிட் கட்டி மட்டக்குளிக்காரர் ஒருவருடைய நுரையீரலிலிருந்து வந்தது. முட்டு வருத்தம், ஆஸ்துமா என்று வருடக்கணக்காக மருந்து குடித்த மனிதர். உயிர்க்கலங்கள் சின்னச் சின்னக் கூட்டங்களாக, எல்லாம் ஒரே அளவில், நடுவே மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓட, அமைதியாகக் கிடந்தன. "மாடிவீட்டுத் திட்டம் மாதிரி இருக்கடி. ஒரே அளவு வீடு, நடுவில ஒழுங்கை" என்றாய். பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு கருவுக்குள்ளும் பொடியும் குறுணியுமாக, உப்பும் மிளகும் தூவிய மாதிரி. இவ்வளவு ஒழுக்கமான ஒன்றைப் புற்றுநோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கார்சினொயிட் என்ற பெயருக்கே புற்றுநோய் மாதிரி என்றுதானே பொருள் என்றேன். நீ விடவில்லை. "பேர் வைச்சவன் மாதிரி எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். அதை நம்பி நீ நித்திரை கொள்ளாதை. இதுவும் புற்றுநோய்தான். ஆறுதலா, மெல்ல மெல்ல நடக்கிற புற்றுநோய்."

இன்று தகட்டை வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓரம். கலங்கள் நசுங்கி, இழுபட்டு, கறுத்த மைக்கறையாகக் கிடந்தன. சிறுகலப் புற்றுநோய் என்றே நினைத்துவிட்டேன். அந்தப் பொல்லாத வகை சில மாதங்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். பிறகுதான் நீ அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது. "கிள்ளி எடுக்கேக்க நசுங்கினதைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லாதை. நசுங்கினால் நல்லவனும் பொல்லாதவன் மாதிரித்தான் தெரிவான். நடுவுக்கு வா." நடுவுக்கு நகர்த்தினேன். ஒரே அளவு வீடுகள். உப்பும் மிளகும். மேசையில் தலையை வைத்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து என் கணவர் அழைத்தார்.

"என்ன மாதிரி?"

"பாத்துக்கொண்டிருக்கிறன்."

"பயப்பிடுற மாதிரியோ?"

"ஓம்" என்றேன். அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. தொலைபேசியை அப்படியே மேசையில் வைத்தேன்.

பிறகு திரும்பவும் குனிந்தேன். இரண்டாகப் பிரிந்து பெருகுகிற கலங்களை எண்ணவேண்டும். அவை மிகக் குறைவாக இருந்து, செத்த திட்டுகளும் இல்லையென்றால் சாது வகை. அதற்கு மேலே போனால், பரவக் கூடுதலாக வாய்ப்புள்ள வகை. கிள்ளிய துணுக்கை வைத்து அதை முடிவாகச் சொல்ல இயலாது. கட்டியை முழுதாக வெட்டி எடுத்துத்தான் பார்க்கவேண்டும். எத்தனை பேருடைய அறிக்கையில் இதை எழுதியிருக்கிறேன். தெரிந்துகொண்டும் தேடினேன். செத்த திட்டு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தின் விளிம்பில், கறுத்துச் சுருண்ட ஒரே ஒரு கலம்.

அது பிரிகிற கலமா, சாகிற கலமா? இரண்டும் சிலவேளை ஒன்றுபோலவே இருக்கும். நீ எதிரே இருந்தால் சண்டை பிடித்தாவது ஒரு முடிவுக்கு வந்திருப்போம். முடிவு வராத நாட்களில் நீதான் சொல்வாய்: "சந்தேகமெண்டால் எண்ணாதை." மற்றவர்களின் தகடுகளில் அப்படியே செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். இன்றும் நான் அதை எண்ணவில்லை. எண்ணாமல் விட்டதால் அது இல்லாமல் போய்விடவும் இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்தான். இன்றைக்கு அது போதவில்லை. அந்தக் கலத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் பயமாக இருக்கிறது. என் உடம்பில் ஒன்று செத்துக்கொண்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு இருக்கிறேன்.