மலருக்கும் ரவிக்கும் ஒரே பழுது

12.3.84, திங்கள். காலை 7.40. சாம்பிள் 31.
மழை. ஆஸ்பத்திரி ரத்த லேப்பில் நான் மட்டும். 31-ல் ரெண்டு மட்டும் வார்டுக் கணக்கில் சேராதவை: தங்கை மலர், மாமா மகன் ரவி. வரும் ஞாயிறு இருவருக்கும் பரிசம். ரத்த குரூப் பார்க்க என்று சொல்லி எடுத்தேன். பொய். மலருக்கு ஆறு வருஷமாக இரும்பு மாத்திரை, வெளிறல் போகவே இல்லை. கிளினிக்கில் "கீரை சாப்பிடு லா" என்று ஒரே பாட்டு. மடையர்கள்.

மாலை. ரிசல்ட். ரெண்டு பேரும் தலசீமியா கேரியர், பரம்பரை ரத்த நோயைச் சுமப்பவர்கள். அம்மாவும் மாமாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரே பழுது ஜீன், அம்மா வழி மலருக்கு, மாமா வழி ரவிக்கு. இப்போது மறுபடி ஒரே மணவறைக்கு. என்னுடையது நார்மல். அம்மாவிடம் இருந்த ரெண்டில் எனக்கு நல்லது, மலருக்கு மற்றது. காரணம் ஒன்றும் கிடையாது.

13.3, செவ்வாய். வெயில். தலைவலி.
வார்டில் நிபோங் திபால் எஸ்டேட் பிள்ளை, முழுத் தலசீமியா. ஏழு வயது, பார்த்தால் நாலு. நெற்றி புடைப்பு, வயிறு ஊதல். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். அதன் அம்மா: "தம்பி, இன்னிக்கு ஏத்துனா சரியாப் போயிருமா?"
"இல்லைக்கா."
வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம்.
வீட்டில் அம்மாவிடம் ரிசல்ட் சொன்னேன். குழம்பு தீய்ந்தது. "மாமாவ வரச் சொல்லு."

15.3, வியாழன்.
மாமா அக்கரையில் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்தார். ஃபெரி லேட், அதற்கும் என் மேல் கோபம்.
"முறைப்பொண்ணக் கட்டக்கூடாதுன்னு எவன்டா சொன்னான்? நானும் உங்கம்மாவும் கல்லு மாதிரி இல்ல?"
கேரியருக்கு ஒன்றும் செய்யாது, ரெண்டு கேரியர் கட்டிக்கொண்டால் பிள்ளைக்குத்தான் ஆபத்து என்றேன். இருபது காசு ரெண்டு எடுத்தேன். ஒன்று மலர், ஒன்று ரவி. எண் உள்ள பக்கம் நல்லது, பார்லிமெண்ட் கட்டடம் உள்ள பக்கம் பழுது. ரெண்டும் கட்டடமாக விழுந்தால் வார்டில் பார்த்த பிள்ளை. நாலுக்கு ஒன்று.
மாமா பிடுங்கிச் சுண்டினார். மூன்று தடவை. ஒரு தடவையும் ரெண்டும் கட்டடம் இல்லை.
"பாத்தியா லா! மூணு பேரப்புள்ள. அதோட நிறுத்திக்கச் சொல்லு. நாலாவதுக்குத்தானே வியாதி?"
அம்மா சிரித்தாள். ரெண்டு நாளில் முதல் தடவை. "அதான? இந்தக் காலத்துல யாரு நாலு பெத்துக்கிறா."
கத்தினேன். காசுக்கு ஞாபகம் கிடையாது. முதல் பிள்ளைக்கே வரலாம், எல்லாப் பிள்ளைக்கும் வரலாம். முட்டாள்தனம் என்றும் சொன்னேன். மாமா செருப்பை மாட்டினார்.
"படிச்ச திமிரு. ஞாயித்துக்கிழமை பரிசம். அவ்ளோதான்."
திரும்பினால் அறை வாசலில் மலர். முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

16.3, வெள்ளி. மந்தாரம். லேப்பில் மெஷின் மறுபடி பழுது.
மலர் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல்: "என் ரத்தம்தானே அண்ணே? ஊருக்கெல்லாம் சொல்லிட்டுக் கடைசில எனக்கா?"
அவளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.
"அந்த வார்டுப் புள்ள பேரு என்ன?"
தெரியாது. படுக்கை நம்பர்தான் தெரியும்.
"ரவிக்குத் தெரியுமா?"
"இல்ல."
"நான் சொல்றேன். நீ வாயத் தொறக்காத. கல்யாணம் வேணாம்னு சொல்லலாம், இல்ல புள்ள வேணாம்னு கட்டிக்கலாம். அவருக்குப் புள்ளைங்கன்னா உசுரு. போறேன்னு சொன்னா போகட்டும்னுதான் சொல்லப்போறேன்."
குழாயை மூடவில்லை. ரொம்ப நேரம்.

இனி:
1. நாளை லீவு. மலரை ஃபெரியில் அழைத்துப் போய் பட்டர்வொர்த்தில் வேலை பார்க்கும் ரவியிடம் விடுவது. கூட உட்காரக் கூடாது.
2. அவன் கேட்டால் மட்டும் பேசுவது. காசு சுண்டல் வேண்டாம்.
3. முடிவு எதுவானாலும் மாமாவிடம் நானே சொல்வது. திட்டு என்னோடு.
4. ரவி விலகி, மலர் தனியாகத் திரும்பி வந்தால், ஃபெரியில் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்வது.